விலை வரைபடமும் விரைவு லாபமும்

பங்குகளைக் காலையில் வாங்கி மாலைக்குள் விற்று லாபம் காணும் வித்தையைக் கற்றுத் தருவதாகக் கூறும் இணையவழி வகுப்புகள் இந்நாளில் பெருகியிருக்கின்றன. நம் அங்கத்தினர்களின் பிள்ளைகளும் கட்டணம் செலுத்தி அவற்றில் சேருகிறார்கள். எக்கல்வியையும் வேண்டாமென்று தடுப்பது நமது நோக்கமன்று. ஆயினும், இவ்வகுப்புகள் எதைக் கற்பிக்க வல்லவை, எதைக் கற்பிக்க இயலாதவை என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

இவற்றின் முதற்பாடம் விலை வரைபடம். அதில் பெரிதும் வழங்குவது மெழுகுவர்த்தி வரைபடம். இது ஜப்பானிய அரிசி வணிகரிடையே வளர்ந்த முறை என்பர். அந்நாட்டில் ஓசாகா நகரின் தோஜிமா அரிசிச் சந்தை 1730-ஆம் ஆண்டிலேயே அரசாங்க அங்கீகாரம் பெற்றது. ஸ்டீவ் நிஸன் என்ற அமெரிக்கர் 1991-இல் வெளியிட்ட நூலின் வாயிலாக இம்முறை மேல்நாடுகளில் பரவிற்று.

இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. ஒரு பங்கு காலையில் 100 ரூபாயில் தொடங்கி, இடையில் 97-க்கு இறங்கி, 108 வரை ஏறி, மாலையில் 105-இல் முடிந்ததாகக் கொள்வோம். 100 முதல் 105 வரையுள்ள பகுதி வர்த்தியின் உடல். மேலே 108 வரையிலும் கீழே 97 வரையிலும் நீளும் கோடுகள் அதன் திரிகள். தொடங்கிய விலையைவிட ஏறி முடிந்தால் பச்சை, இறங்கி முடிந்தால் சிவப்பு. அடுத்த பாடமாகிய நகரும் சராசரியும் எளிய கணக்கே. கடைசி 20 நாட்களின் முடிவு விலைகளைக் கூட்டி 20-ஆல் வகுத்து, நாள்தோறும் பழைய விலை ஒன்றை நீக்கிப் புதியதைச் சேர்த்துக்கொள்வதே அது.

ஆகவே, வரைபடம் என்பது நடந்தவற்றின் பதிவு. மஞ்சள் ஏல விலையை ஆண்டு முழுவதும் குறித்து வைத்த விவசாயி, சந்தையின் போக்கை ஒருவாறு உணர்வார். நாளைய ஏலத்தின் விலையை அவரால் உறுதியாகக் கூற இயலாது. பங்கின் கதியும் அதுவே. மேலும், ஒரே வரைபடத்தைப் பார்த்துத்தான் ஒருவர் வாங்குகிறார், மற்றொருவர் விற்கிறார். இருவர் கணிப்பும் ஒருங்கே பலிப்பதில்லை. தரகும் வரியுமோ இருவரையும் சேர்கின்றன.

பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வுகள் இதற்குச் சான்று. 2022-23-ஆம் நிதியாண்டில் அன்றன்றைய வியாபாரத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டமடைந்தனர். ஆண்டில் 500 தடவைக்கு மேல் வியாபாரம் செய்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் நஷ்டமடைந்தனர். முன்பேர வியாபாரத்தில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நூற்றுக்கு 93 பேர் பொருளிழந்தனர். தனிநபர்கள் இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம்.

எனவே, வகுப்பில் சேருமுன் சிலவற்றை விசாரித்தல் நலம். இன்ன பங்கை வாங்கு, இன்னதை விற்று விடு என்று கட்டணம் பெற்று ஆலோசனை கூறுபவர் செபியிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவுபெற்றோர் பட்டியலைச் செபியின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். லாபம் நிச்சயம் என்று உறுதி கூறுபவரை அக்கணமே விட்டு விலகுக. ஒரு நாளைய லாபத்தைப் படம் பிடித்துக் காட்டினால், ஓராண்டுக் கணக்கைக் கேளுங்கள். செபி நிறுவிய கல்வி நிலையமாகிய என்.ஐ.எஸ்.எம். முதலீட்டாளர்களுக்கென ஒரு தேர்வைக் கட்டணமின்றி நடத்துகிறது. கற்கும் ஆர்வமுள்ளோர் அங்கிருந்து தொடங்கலாம். பின்னர் சில மாதங்கள் பணமின்றிக் காகிதத்திலேயே வாங்கி விற்று, தரகையும் வரியையும் கழித்துப் பார்த்தால், மிஞ்சுவது இன்னதென்று தாமே உணர்வர்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. பயிர்க்கடன் விதைக்கும் உரத்திற்கும் உரியது. நூலுக்கு வாங்கிய முன்பணம் தறிக்கு உரியது. அப்பணம் ஒரே பகலில் வரைபடத்தில் கரைந்துவிட்டால், சுமை கடன் பெற்றவரோடு நிற்பதில்லை. ஜாமீன் நின்றவரையும் சங்கத்தையும் சாரும். கற்பதற்கு எவருக்கும் தடையில்லை. ஆனால் இழந்தாலும் குடும்பம் தாங்கக்கூடிய சொந்தச் சேமிப்புக்கு மேல் ஒரு ரூபாயும் அதில் இறங்கலாகாது என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் தம் இல்லத்து இளைஞர்க்கு இன்றே எடுத்துரைப்பாராக.