முதல் டிரையத்லான் சைக்கிள்: எடையைவிடக் காற்று முக்கியம்

3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். 1978-ல் ஹவாயின் ஓஹு தீவில் 15 பேருடன் தொடங்கிய அயர்ன்மேன் போட்டியின் கணக்கு இது. மூன்றில் அதிக நேரத்தைத் தின்பது சைக்கிள்தான். அதனாலேயே முதன்முறை சைக்கிள் வாங்க வருபவர்கள் கடையில் அதை ஒரு கையால் தூக்கி எடை பார்க்கிறார்கள். மலைப்பாதைக்கு அது சரி. சமதரையில் வேகத்தைத் தடுப்பது எடையல்ல, காற்று.

சைக்கிள் பந்தயங்களில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். நெடுந்தூர டிரையத்லானில் அதற்குத் தடை. அவரவர் காற்றை அவரவரே பிளந்தாக வேண்டும். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப்பெருக்கமாக ஏறுகிறது: மணிக்கு 30 கி.மீ. வேகத்தை 33 ஆக்க, அதாவது 10 சதவீதம் கூட்ட, சுமார் 33 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும்! அவ்வளவு வலுவைக் கால்களில் ஏற்றுவதைவிடக் காற்றில் மோதும் பரப்பைக் குறைப்பது எளிது. அந்தப் பரப்பில் பெரும்பங்கு சைக்கிள் அல்ல, ஓட்டுபவரின் உடம்பு.

முழங்கைகளை ஊன்றிக் கைகளை முன்னால் நீட்டிக்கொள்ளும் ஏரோபாரை 1980-களில் வடிவமைத்தவர், அமெரிக்கப் பனிச்சறுக்குப் பயிற்சியாளர் பூன் லெனன். டிரையத்லான் வீரர்கள்தான் அதை முதலில் வரவேற்றார்கள். 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில் 50 விநாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், அந்தக் கைப்பிடியோடு 24.5 கி.மீ. ஓட்டி, 8 விநாடி வித்தியாசத்தில் பட்டத்தையே வென்றார்.

ஆனால் சாதாரண ரோடு பைக்கில் அப்படிக் குனிந்தால் தொடை வயிற்றை இடிக்கும், மூச்சு முட்டும். 1989-ல் டான் எம்ஃபீல்ட் கொண்டுவந்த குவின்டானா ரூ சைக்கிள் இதற்கு வழி கண்டது. சீட்டைத் தாங்கும் குழாய் ரோடு பைக்கில் தரையோடு ஏறக்குறைய 73 பாகைக் கோணத்தில் இருக்கும். அதை இன்னும் நிமிர்த்திச் சீட்டை முன்னால் தள்ளினார். உடம்பு முழுவதும் பெடல் அச்சைச் சுற்றி முன்பக்கம் சுழல்கிறது. முதுகு தாழ்ந்தாலும் இடுப்பு கூடுதலாக மடங்குவதில்லை.

எவ்வளவு தாழலாம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 40 கி.மீ.க்குள் கழுத்து வலித்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டால், மீதி 140 கி.மீ.க்கு எவ்வளவு விலையுயர்ந்த ஃபிரேமும் உதவாது. ஆகவே 'மீடியம்', 'லார்ஜ்' என்ற அளவை நம்பாதீர்கள். பெடல் அச்சிலிருந்து ஹேண்டில் குழாயின் உச்சி எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்ற இரண்டு அளவுகளைக் கேளுங்கள். ஏற்கெனவே ரோடு பைக் இருந்தால், அதிகம் தாழாமல் பிடிக்க, கழற்றி மாட்டும் ஏரோபாரே முதல் போட்டிக்குப் போதும் என்பேன். மிச்சமாகும் பணத்தில் உடலளவுக்கு ஃபிட்டிங் செய்யுங்கள், நல்ல டயர் போடுங்கள். கம்பிகளில்லாமல் முழுத் தட்டாக இருக்கும் தட்டு வீல் ஆசை பிறகு வரட்டும். பக்கக்காற்று வீசும் ஹவாயின் கோனாவில் அயர்ன்மேன் உலகப் போட்டிக்கே அதை நெடுங்காலம் அனுமதிக்கவில்லை.

வாங்குமுன் சைக்கிளை, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெயினர் கருவியில் பூட்டச் சொல்லி, ஏரோபாரில் படுத்தபடி அரைமணி நேரம் மிதியுங்கள். ஒரு முழங்கை ஊன்றியபடியே மறுகையால் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடிக்க முடிகிறதா? முடியாவிட்டால் ஹேண்டிலை உயர்த்தச் சொல்லுங்கள்.