குறுந்தகட்டு இசையைக் காப்போம்

1982-ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தகடு, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகத் தாங்கி நிற்பது. தகட்டில் கீறல் விழலாம். அதன் உலோகப் பூச்சும் கெடலாம். ஆகவே கணினியில் படியெடுத்து வைத்தல் நலம். எந்த வடிவில் வைப்பது?

‘வேவ்’ எண்களை அப்படியே வைக்கும்; ஒரு மணி நேர இசைக்குச் சுமார் 635 மெகாபைட் தேவை. ‘எம்.பி.3’ நம் செவிக்கு எளிதில் புலப்படாதவற்றை நீக்கிவிடும். நொடிக்கு 128 கிலோபிட் அளவில் 58 மெகாபைட்டே போதும். ஆனால் நீக்கியவை மீளா. ‘ஃபிளாக்’ எண்களைச் சுருக்குமேயன்றி எதையும் இழக்காது; பெரும்பாலும் வேவைவிட மிகக் குறைந்த இடமே கொள்ளும்.

ஃபிளாக்கிலிருந்து எம்.பி.3 செய்துகொள்ளலாம், எம்.பி.3-இலிருந்து மூலத்தைப் பெற இயலாது. எனவே பேழைக்கு ஃபிளாக், பயணத்திற்கு எம்.பி.3 என்று கொள்வோம். தகடு பழுதான பின் இரண்டாம் படி எடுக்க வழியில்லை அன்றோ!