வெட்டிக் காக்கும் தரவை

ஊரார் எல்லார்க்கும் பயன்படும் நிலத்தை ஆங்கிலர் ‘கொமன்’ என்பர். பொது என்பதே அச்சொல்லின் பொருள். நம் முன்னோரும் ஊர் கூடும் இடத்தைப் பொதியில் என்றும் மன்று என்றும் வழங்கினர். ஆயின் ஆங்கிலர் குறித்த பொது, கூடியிருந்து வழக்குரைக்கும் இடமன்று. மாடு மேய்க்கவும் விறகு கொள்ளவும் விடப்பட்ட வெளி. யாழ்ப்பாணத்தார் தரவை என்று கூறுவதே அதற்கு அணித்தான சொல்லாகும். ஒன்று மட்டும் கருதத்தக்கது. அந்நிலம் உடையவன் இல்லாத நிலமன்று. மண் பிரபுவுக்குரியது, மேய்ச்சலும் விறகும் அயலவர்க்குரியன. இவ்விருவகை உரிமையும் ஒரே நிலத்திற் கிடந்தமையாலேயே பின்னர் எழுந்த வழக்கெல்லாம் எழுந்தது.

விம்பிள்டன் என்றவுடன் ரெனிஸ் ஆட்டமே நம்மவர் நினைவுக்கு வரும். அவ்வாட்டக் களத்திலிருந்து நடந்து சென்றடையக்கூடிய தூரத்திலே, இலண்டன் மாநகரின் தென்மேற்குப் பகுதியில், அத்தகைய தரவையொன்று இன்றும் உள்ளது. அதனையடுத்த பட்னி நிலங்களையும் கூட்டினால் ஏறத்தாழ 1140 ஏக்கர். சரளையும் மணலும் விரவிய புளித்த மண். நெல்லோ கோதுமையோ விளைத்து வாழ நினைப்பவன் திரும்பியும் பாரான். அம்மண்ணை விரும்பி வளர்வது ஹெதர் என்னும் குறுஞ்செடி. முழங்கால் அளவே உயரும். ஓகஸ்ட் மாதத்தில் நிலமெல்லாம் ஊதா நிறம் படரப் பூக்கும். அதனோடு கோர்ஸ் என்னும் முட்புதர் மஞ்சட் பூவுடன் நிற்கும். பள்ளங்களில் நீர் தேங்கிப் பாசி படர்ந்த சதுப்பு உண்டு. நம் திணைப் பகுப்பில் இதனை எங்கே வைப்பது? மேய்ச்சலைக் கருதினால் முல்லை. மண்ணின் வறுமையைக் கருதினால் பாலைக்கு அயல்.

இவ்வெளியைக் காண்பவர் இயற்கை தானே படைத்த வெளி என்றே கருதுவர். அஃதன்று. ஆதியில் அங்கு நின்றது காடு. மனிதர் அதனை வெட்டினர். பின்னர் ஏழைக் குடிகள் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்தனர், முட்புதரை அடுப்புக்கு வெட்டினர், புற்கரணையைப் பெயர்த்து எரித்தனர். முளைத்த மரக்கன்று மாட்டின் வாய்க்குத் தப்பவில்லை. மண்ணில் உரஞ்சேரவும் வழியில்லை. அக்குடிகளின் வறுமையே அவ்வெளியின் காவலாயிற்று.

1864 ஆம் ஆண்டிலே அந்நிலத்துக்குரிய ஸ்பென்சர் பிரபு, அதில் ஒரு கூற்றை விற்று, எஞ்சியதை வேலியிட்டுப் பூங்காவாக்கி, அங்கே தமக்கொரு மாளிகையும் எடுக்க எண்ணிப் பாராளுமன்றத்துக்கு மசோதாவொன்றைக் கொணர்ந்தார். நிலம் சதுப்பானது, நாடோடிகள் தங்குவது என்பன போன்ற காரணங்கள் கூறப்பட்டன. நல்ல நிலத்தைக் கவர விரும்புவோர் முதலில் அதனைப் பழிப்பது எந்நாட்டிலும் வழக்கம் போலும். அயலவர் எதிர்த்தெழுந்தனர். ஹென்றி பீக் என்னும் செல்வர் அவ்வெதிர்ப்பின் முன்னின்றார். 1865 இல் இலண்டனைச் சூழ்ந்த பொதுநிலங்களைக் காக்கச் சங்கமொன்றும் தோன்றியது. முடிவில் 1871 இற் சட்டம் பிறந்தது. ஆண்டொன்றுக்கு 1200 பவுண் தருவதென்னும் ஏற்பாட்டின்மீது பிரபு தம் உரிமையைக் காப்பாளர் சபையிடம் விட்டுக்கொடுத்தார். வேலியடைக்காமலும் வீடு கட்டாமலும் திறந்த வெளியாகவே அந்நிலத்தை வைத்திருப்பது சபையின் கடனாயிற்று. அதன் உறுப்பினர் எண்மர்; அவருள் ஐவரை வரி செலுத்தும் அயலவரே தெரிகின்றனர். வெளியிலிருந்து முக்கால் மைலுக்குள் வாழ்வோரும் பழைய பட்னிப் பிரிவினரும் இன்றும் அதன் பராமரிப்புக்கெனத் தனிவரி இறுக்கின்றனர். தொலைவிலிருந்து வந்து உலாவுவோர் ஒரு சதமும் கொடுப்பதில்லை. அவரை எவரும் தடுப்பதுமில்லை.

சட்டம் கட்டடத்தைத் தடுத்தது, மரத்தைத் தடுக்கவில்லை. மேய்ச்சல் ஒழிந்தது. அடுப்புக்கு நிலக்கரி வந்தபின் முட்புதரைத் தேடுவாரில்லை. பேர்ச் என்னும் மரத்தின் விதை மிக நொய்தானது. காற்றிலே பறந்து எங்கும் விழும், விழுந்தவிடத்தில் முளைக்கும். அதன் நிழல் ஹெதரைக் கொல்லும். பின்னே ஓக் மரம் எழும். இவ்வாறு, ஒருவரும் ஒரு தீங்கும் செய்யாதிருந்தே, வெளியின் பெரும்பகுதி காடாயிற்று. ஆதலின் இக்காலத்தில் மாரிதோறும் பணியாளரும் தொண்டரும் அரிவாளும் வாளும் கொண்டு சென்று இளமரங்களை வெட்டுகின்றனர். மரம் வெட்டுவதைக் காணும் நகரத்தார் சிலர் மனம் வருந்துதல் இயல்பே. மரமென்றால் நன்மை, வெட்டுதலென்றால் தீமை என்று பள்ளியில் நாமும் கற்பிக்கின்றோம். ஆயினும் எம் துணிபு வெட்டுவோர் பக்கமே. காடு அந்நாட்டிற் பிற இடங்களிலும் வளரும்; ஹெதரும், அதனிடையே வெயில் காயும் பல்லிகளும், தரையிற் கூடுகட்டும் பறவைகளும் வேறு புகலிடம் எளிதிற் காணா.

உயிருள்ள மரத்தை வெட்டும் அதே கை செத்த மரத்தைத் தொடுவதில்லை என்பது இன்னும் வியப்பு. அதற்குக் காரணம் ஒரு வண்டு. கலைமானின் கொம்பு போன்ற பெருந்தாடை உடைமையால் ஆங்கிலர் அதனைக் கலைமான் வண்டு என்பர். பிரித்தானியாவின் தரைவாழ் வண்டுகளுள் அதுவே பெரிது. ஆண் ஏழு சென்ரிமீற்றருக்கு மேலும் வளரும். அத்தாடை இரை கடிப்பதற்கன்று. பெண்ணின் பொருட்டு மற்றோர் ஆணைத் தூக்கியெறிவதற்கே. பெண்வண்டு உளுத்த மரத்தின் அடியில் மண்ணுக்குள் முட்டையிடும். புழு அவ்வுளுப்பைத் தின்று மூன்று முதல் ஏழு ஆண்டு வரை இருளிலே கிடக்கும். கூட்டுப் புழுவாகிப் பின்னர்க் கோடையில் வெளிப்படும். வெளிப்பட்ட வண்டுக்கு வாழ்நாள் சில கிழமைகளே, திண்ணுணவும் இல்லை. வீழ்ந்த மரத்தைக் குப்பையென்று அகற்றும் துப்புரவு அவ்வினத்தையே அகற்றிவிடும். ஆகையால் வெளியை அடுத்த பழங்காட்டில் விழுந்த மரத்தை விழுந்தபடியே கிடக்க விடுகின்றனர். இவ்வண்டும் ஹெதர் நிலமும் கருதியே இவ்வெளிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளின்கீழ்ச் சிறப்புக் காப்பு நிலை கிடைத்தது. ஐக்கிய இராச்சியம் 2020 இல் அவ்வொன்றியத்தை விட்டு நீங்கிய பின்பும் அக்காப்பு அந்நாட்டுச் சட்டத்தில் உள்ளது.

நம் தோட்டக்காரர் நம்பமாட்டாத செய்தியொன்று: அந்நிலத்துக்குப் பகை உரமே. நெடுஞ்சாலை ஊர்திகளின் புகையிலுள்ள நைதரசன் மழையோடு மண்ணில் இறங்குகின்றது. உலாவ வரும் நாய்களின் கழிவும் அவ்வாறே. மண் கொழுத்தால் முரட்டுப் புல் தழைத்து ஹெதரை மூடிவிடும். நாய்கள் ஓடித் திரிய, தரைக்கூட்டிலுள்ள பறவை அடைகாக்கும் முட்டையை விட்டுப் பறக்கும். குளிர்ந்த முட்டை பொரியாது. குதிரைமீதேறிக் காவலர் சுற்றி வருகின்றனர். அறிவிப்புப் பலகைகளும் உள. நடப்போர் கண்ணுக்குத் தப்பாதபடி அங்கே கொல்ப் ஆடுவோர் சிவப்பு மேற்சட்டை அணிதல் வேண்டுமென்பதும் ஒரு விதி. இத்துணை ஒழுங்குக்கிடையிலும் நாயைக் கயிற்றிற் பிடிக்கச் சொல்வதே கடினமான காரியம்.

கொழுத்த மேல்மண்ணை நீக்கச் சில இடங்களிற் கீற்றுக் கீற்றாகத் தரையைச் சுரண்டி எடுக்கும் முறையும் அவ்வகை நிலங்களிற் கையாளப்படுகின்றது. பழைய குடிகள் எரிப்பதற்குப் புற்கரணை பெயர்த்த வேலையே இது. இன்று அதற்குப் பொறி வந்திருக்கின்றது. ஹெதர் விதை கடுகினும் மிகச் சிறியது. பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கவல்லது. மேல்மண் நீங்கி வெளிச்சம் பட்டவுடன், ஒருவரும் விதையாத இடத்தில் அது முளைக்கின்றது.