சுனந்தினிப் பசு

திருவனந்தபுரம் பழவங்காடியின் தேநீர்க் கடைகளில் நாள்தோறும் காய்ச்சப்படும் பாலில் பெரும்பகுதி கலப்பினப் பசுக்களின் பாலே ஆகும். கேரளத்து நாட்டுப் பசுக்கள் வெயிலையும் மழையையும் தாங்குபவை. ஆனால் அவை கறக்கும் பால் குறைவு. ஆகவே 1963ஆம் ஆண்டில் மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டியில் இந்திய-சுவிஸ் கூட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. (ஊரின் பெயரே பொருத்தமாக அமைந்துவிட்டது!) சுவிட்சர்லாந்தின் பழுப்புநிறக் காளைகளோடு நாட்டுப் பசுக்களை இனம் சேர்த்து உருவாக்கிய கலப்பினமே சுனந்தினி.

நாட்டுக் கிடாரி முதல் கன்றை ஈன ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகும். நன்கு பேணப்பெற்ற கலப்பினக் கிடாரியோ மூன்று ஆண்டுகளுக்குள் ஈன்றுவிடும். பேணுதல் என்பதே இங்கு முதன்மையானது. ஏனெனில், கிடாரி பருவமடைவதை வயதைவிட உடல் எடையே மிகுதியும் தீர்மானிக்கிறது. மழையில் தளிர்க்கும் புல் விரைவில் முற்றி நாராகிவிடும்; அதிலுள்ள புரதமும் குறைந்துவிடும். கோடையில் அப்புல்லை மட்டும் மேயும் கிடாரிக்கு எடை கூடாது, பருவமடைவதும் தள்ளிப்போகும். கன்று ஈன்ற பசுவின் நிலையும் இதுவே. தின்றதெல்லாம் பாலாகவே போய்விடுவதால், அதன் உடல் இளைத்து, மீண்டும் சினைப்படக் காலம் தாழும். நாட்டுப் பசு சிறிதளவே கறப்பதால் அதே புல்லைக்கொண்டு ஒருவாறு காலம் தள்ளும். கலப்பினப் பசுவுக்குத் தவிடும் பிண்ணாக்கும் பசுந்தீவனமும் வேண்டும். மேலும், அதன் உடலில் அயலினக் கூறு மிகுந்தால் வெப்பம் தாங்கும் ஆற்றலும் குறையும்.

கலப்பினம் பெருகப் பெருக நாட்டுப் பொலிகாளைகள் அருகின. மூன்றடி உயரமே வளரும் வெச்சூர்ப் பசு ஏறத்தாழ அழிந்தே போயிற்று. எஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்து, 1989ஆம் ஆண்டு முதல் மண்ணுத்தியில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தார் காக்கத் தொடங்கினர்.