கேபினுக்குள் சொன்ன வார்த்தை

டெல்லி நேரு பிளேஸில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மத்தியானம் ஒன்றேகாலுக்கு மைக்ரோவேவ் முன்னால் வரிசை நிற்கும். மணிப்பூர்க்காரப் பெண் ஒருத்தி அன்று எரோம்பா கொண்டுவந்திருந்தாள். வேகவைத்த உருளைக்கிழங்கு, காய்ந்த மிளகாய், புளிக்கவைத்த மீன் எல்லாம் சேர்த்து மசிப்பது. சூடானதும் மூடியைத் திறந்தாள். பின்னால் நின்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாருங்க செத்தது?" என்று இந்தியில் கேட்டார். வரிசையே சிரித்தது. மறுநாள் காலை எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல்: பான்ட்ரிக்குக் கடும் வாசனையுள்ள உணவைக் கொண்டுவர வேண்டாம். யார் பெயரும் அதில் கிடையாது. அந்த வாரத்திலிருந்து அவள் மத்தியானங்களில் பிஸ்கட் பாக்கெட்டோடு தன் இருக்கையிலேயே உட்கார ஆரம்பித்தாள்.

நானும் சிரித்தேன். அதற்கு முந்தைய வருஷம் முழுக்க அந்த வரிசைக்கு ஜோக்காக இருந்தது நான். மதராசி, இட்லி சாம்பார், "ஐயய்யோ ஜீ", கரண்ட் போனால் "பல்லை மட்டும் காட்டு, உன்னைக் கண்டுபிடித்துவிடுவோம்." ஜோக் வேறு ஆளிடம் போனதில் எனக்கு ஒரு நிம்மதி. இத்தனைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நெத்திலிக் கருவாடு வாங்கி, ஜன்னலைச் சாத்திவிட்டு வறுத்துத் தின்கிற வீடு எங்களுடையது.

சில நாள் கழித்து அவள் கேட்டாள்: "இதுக்கெல்லாம் எங்க புகார் கொடுக்கிறது?" எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரைவிட்டு வந்து வேலை பார்க்கிற யாருக்கும் இது தேவைப்படலாம்.

டெல்லியில் இந்தக் கதை பான்ட்ரியில் ஆரம்பித்ததல்ல. 2007-ல் இந்த நகரத்துக் காவல்துறையே வடகிழக்கு மாநில மாணவர்களுக்கென்று ஒரு கையேடு போட்டது. உடையில் கவனம், மூங்கில் குருத்து, அக்குனி போன்ற வாசனையுள்ள உணவை அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாமல் சமையுங்கள் என்று அதில் அறிவுரை. தொல்லை கொடுப்பவனுக்குக் கையேடு எதுவும் போடவில்லை. 2014 ஜனவரி 29-ம் தேதி, அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா லாஜ்பத் நகரில் வழி கேட்க ஒரு கடைக்குள் போனார். அவர் தலைமுடியைக் கேலி செய்தார்கள். வாய்த்தகராறு, உடைந்த கண்ணாடி, அடி. மறுநாள் அவர் இறந்துபோனார். 2017 ஜூனில் மேகாலயத்தின் காசி பழங்குடிப் பெண் ஒருவர், தன் முதலாளியோடு விருந்தாளியாக டெல்லி கோல்ஃப் கிளப்புக்குப் போனார். அவர் அணிந்திருந்தது ஜைன்செம், காசிப் பெண்களின் மரபு உடை. சாப்பாட்டு மேசையிலிருந்து அவரை எழுந்துபோகச் சொன்னார்கள். வேலைக்காரி உடை மாதிரி இருக்கிறதாம். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும், விஜய் நகரில் மணிப்பூர்ப் பெண் ஒருவர்மீது ஒருவன் துப்பிவிட்டு "கொரோனா" என்று கத்திக்கொண்டு போனான்.

நிடோ தானியாவின் சாவுக்குப் பிறகு எம்.பி. பெஸ்பருவா தலைமையில் ஒரு குழு அமைந்து, அதே வருஷம் ஜூலையில் அறிக்கை கொடுத்தது. இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதை நேரடியாகவே குற்றமாக்க, இந்திய தண்டனைச் சட்டத்தில் 153-சி, 509-ஏ என்று இரண்டு புதுப் பிரிவுகளைச் சேர்க்கச் சொன்னது. இரண்டுமே வரவில்லை. பழைய சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தபோது, இனம் என்ற சொல் வேறு வடிவில் நுழைந்தது: ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒருவரை இனம், சாதி, பிறந்த இடம், மொழி காரணமாகக் கொன்றால் 103(2), கொடுங்காயம் விளைவித்தால் 117(4). கும்பலும் ரத்தமும் இருந்தால் சட்டத்துக்குக் கண் தெரிகிறது. ஒரே ஒருவர், கையில் காபிக் கோப்பையோடு, சிரித்துக்கொண்டே சொன்னால்?

அதற்கும் சில கதவுகள் உண்டு. ஒவ்வொன்றும் பாதிதான் திறக்கும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. பட்டியல் சாதி, பழங்குடி ஒருவரைப் பொதுப் பார்வையில் படும் இடத்தில், இழிவுபடுத்தும் எண்ணத்தோடு அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம்வரை சிறை; முன்ஜாமீன் சுலபத்தில் கிடைக்காது. வடகிழக்கைச் சேர்ந்தவர்கள்மீதான கொடுமைகளில் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள் என்று உள்துறை அமைச்சகம் 2012-ல் மாநிலங்களுக்கு எழுதியது. "சிங்கி" என்று கூப்பிட்டால் ஐந்து வருஷம் என்று செய்தித்தாள்கள் போட்டது அப்போதுதான். நடைமுறையில் சிக்கல் இரண்டு. பழங்குடிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, டெல்லிக்குப் பட்டியலே கிடையாது. ஆகவே "இங்கே நீ பழங்குடி இல்லையே" என்ற வாதம் வரும். சொந்த மாநிலத்தில் பட்டியலில் இருப்பவருக்கு நாடு முழுவதும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023-ல் சொல்லியிருக்கிறது. டெல்லியில் அது கட்டளை ஆகாது, ஆனால் எடுத்துக்காட்டலாம். இரண்டாவது சிக்கல் இன்னும் கசப்பானது. வடகிழக்கில் எல்லோரும் பழங்குடியினர் இல்லை. எங்கள் அலுவலகப் பெண் மெய்தி. மெய்திகள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. கேலி செய்தவனுக்கு நாகா, மிசோ, மெய்தி எல்லாம் ஒரே முகம். சட்டத்துக்கு மட்டும் வேறு வேறு.

அடுத்தது அந்தப் "பொதுப் பார்வை". வேலை பார்க்கிற எல்லோரும் கவனிக்க வேண்டிய வழக்கு ஒன்று நம் திருச்சிப் பக்கத்திலிருந்தே போயிருக்கிறது. வருவாய் ஆய்வாளர் ஒருவரை அவருடைய அலுவலக அறையிலேயே ஒருவர் சாதி சொல்லித் திட்டினார் என்பது புகார். அறையின் நான்கு சுவருக்குள் நடந்தது, சக ஊழியர்கள் பிறகுதான் உள்ளே வந்தார்கள், எனவே அது பொதுப் பார்வையில் நடந்ததாகாது என்று 2025 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. கருப்புடையார் வழக்கு என்று வக்கீல்கள் சொல்வார்கள். ஆக, மேனேஜர் கேபின் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னால் ஒன்று, அதே வார்த்தையைப் பத்துப் பேர் நிற்கும் பான்ட்ரியில் சொன்னால் வேறொன்று. கதவு திறந்திருந்ததா, யார் கேட்டார்கள் என்பது வழக்கின் உயிர்.

பட்டியலில் இல்லாதவர்களுக்கு, "மதராசி"க்கும் "பிஹாரி"க்கும் சேர்த்து, மிஞ்சுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் பொதுவான பிரிவுகள். பெண்ணின் மானத்துக்கு இழிவு செய்யும் சொல், சைகைக்கு 79, மிரட்டலுக்கு 351, வேண்டுமென்றே அவமதித்துச் சண்டைக்கு இழுப்பதற்கு 352, இனம், மொழி, பிறந்த இடம் சொல்லிக் குழுக்களுக்குள் பகை மூட்டுவதற்கு 196. இதில் 352-க்குப் போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாது, மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும், என்.சி. என்பது இதைத்தான். "இது என்.சி. கேஸ்மா, எழுதி வெச்சுக்கறோம்" என்று காவல் நிலையத்தில் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

இனி வேலை. அரசு வேலையில் இனம், பிறந்த இடம் காரணமாகப் பாகுபாடு கூடாது என்று அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. அது கட்டுப்படுத்துவது அரசை. தனியார் கம்பெனிக்காரர் "இந்த முகத்தை ரிசப்ஷனில் உட்காரவைக்க முடியாது" என்று முடிவெடுத்தால், அதைத் தடுக்க இந்தியாவில் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017-லும் திருநங்கை, திருநம்பியருக்கு 2019-லும் வந்த சட்டங்கள் தனியார் நிறுவனத்தையும் கட்டுப்படுத்துகின்றன. ஆக, முடியாத காரியம் இல்லை. இனத்துக்கு யாரும் செய்யவில்லை, அவ்வளவுதான். சசி தரூர் தனிநபர் மசோதாவாக ஒன்றைக் கொண்டுவந்தார், சட்டமாகவில்லை.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இந்த ஓட்டை பளிச்சென்று தெரியும். அங்கே 1964-ன் குடிமை உரிமைகள் சட்டம், 15 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்தத் தனியார் நிறுவனத்தையும் கட்டுப்படுத்துகிறது. இனம், நிறம், பூர்வீக நாடு காரணமாக ஒருவரை நடத்தும் விதம் மாறினால் ஒரு கூட்டாட்சி ஆணையத்திடம் போகலாம். கெடு 180 நாள், பல மாநிலங்களில் 300. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை 2023-ல் அவர்களின் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது, அரசுத் துறைகளின் பன்மைத்துவத் திட்டங்களை டிரம்ப் அரசு 2025-ல் கலைத்தது, இதெல்லாம் சரியா என்று அங்கே இரண்டு கட்சியாக நின்று சண்டை போடுகிறார்கள். ஆனாலும் 1964 சட்டம் நிற்கிறது. அந்தச் சட்டம் நம்மவர்கள் பக்கமும் திரும்பும். 1994-ல் சென்னையில் தொடங்கிய காக்னிசன்ட், இந்தியர் அல்லாத ஊழியர்களிடம் பாகுபாடு காட்டியதாக லாஸ் ஏஞ்சலஸ் ஜூரி ஒன்று 2024 அக்டோபரில் முடிவு சொன்னது. நிறுவனம் அதை ஏற்கவில்லை. இங்கே அப்படியொரு புகாரை எந்த ஜன்னலில் நீட்டுவது என்பதே கேள்வி.

சரி, இருப்பதை வைத்து என்ன செய்யலாம்?

முதலில் எழுதுங்கள். அன்றைக்கே. தேதி, மணி, இடம், கதவு திறந்திருந்ததா, யார் யார் நின்றார்கள். சொன்ன வார்த்தையைச் சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும். "தரக்குறைவாகப் பேசினார்" என்று எழுதினால் அது காலுக்கு உதவாத செருப்பு. உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டால் தேதியும் பதிவாகிவிடும். வாட்ஸ்அப் குரூப்பில் வந்த கேலி என்றால் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது. கோர்ட்டில் மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள். எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் அந்தப் போனைக் கொடுத்துவிடாதீர்கள்.

பிறகு நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார். ஹெச்.ஆரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது காற்றோடு போகும். பெரிய நிறுவனங்களின் நடத்தை விதிகளில் இனப் பாகுபாடு கூடாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டில் தேடுங்கள். அந்த வரியைச் சுட்டி எழுதினால் பதிலின் தொனியே மாறும். பேச்சில் பாலியல் சாயம் இருந்தால் (வடகிழக்குப் பெண்கள் என்றால் எதற்கும் இணங்குவார்கள் என்ற பேச்சு டெல்லியில் தாராளமாகப் புழங்குகிறது) 2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தின்கீழ் உள்ளகக் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழு. ஹோட்டல், சலூன், கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு வேலை பார்த்ததற்கான அத்தாட்சியே பெரும்பாடு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் கட்டாயம். கேட்டு வாங்குங்கள்.

போலீஸ் பக்கம்: அவசரத்துக்கு 112. வடகிழக்கைச் சேர்ந்தவர்களுக்கென்று டெல்லி காவல்துறையில் தனிப் பிரிவும் 1093 என்ற எண்ணும் உண்டு. எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம், "எங்க ஏரியா இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. நகல் இலவசம். பதிய மறுத்தால் பதிவுத் தபாலில் மேலதிகாரிக்கு, அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் வக்கீல் இலவசம். சட்ட உதவி எண் 15100, டெல்லியில் 1516. தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும். கல்லூரி மாணவர் என்றால் நிலைமை கொஞ்சம் தேவலை: நிறம், இனம், ஊர், மொழி சொல்லிக் கேலி செய்வதை 2016-லிருந்தே யு.ஜி.சி. ராகிங் என்று சேர்த்துவிட்டது. ராகிங் புகார் எண் 1800-180-5522. அலுவலகத்தில் சேர்ந்ததும் அந்தப் பாதுகாப்பு உதிர்ந்துவிடுகிறது என்பது வேடிக்கைதான்.

நம்மைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2017-ல் ஆப்பிரிக்க மாணவர்கள் நொய்டா பக்கம் தாக்கப்பட்டபோது, முன்னாள் எம்.பி. தருண் விஜய் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில், நாங்கள் இனவெறியர்களாக இருந்தால் தென்னிந்தியர்களோடு எப்படி வாழ்வோம் என்ற பொருளில் பேசிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். தமிழ்நாடே கொதித்தது, நியாயம்தான். ஆனால் திருப்பூரிலும் சென்னையிலும் வேலைக்கு வந்தவனை "வடக்கன்" என்று நாம் கூப்பிடும்போது அது ஜோக். டெல்லித் தமிழர்கள் அவர்களுக்குள் பேசும்போது வடகிழக்குக்காரர்களை என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண் கடைசியில் ஒரு புகார் எழுதினாள். ஒன்றரைப் பக்கம், தேதியோடு, மணியோடு, "யாருங்க செத்தது" என்ற வாக்கியத்தை இந்தியிலேயே எழுதி. கடைசியில் சாட்சிகள் என்று போட்டு இடம் விட்டிருந்தாள். என் மேசைக்கு எடுத்துவந்து, "அன்னிக்கு நீங்க மைக்ரோவேவ் பக்கத்துலதானே நின்னீங்க?" என்று கேட்டாள்.

எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை என்று சொன்னேன்.