நாயனம் கற்கப் போன சாக்ஸபோன் கலைஞர்

நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்து, சாக்ஸபோனைக் கர்நாடக இசை மேடையில் ஏற்றியவர் கத்ரி கோபால்நாத். அவருக்கு நேர் எதிர்த் திசையில் நடந்தவர் ஒருவர் உண்டு. சாக்ஸபோனில் பெரும் பெயர் எடுத்த பிறகு நாகஸ்வரத்தைக் கையில் எடுத்த சார்லி மரியானோ.

1923இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர் மரியானோ. ராணுவ இசைக்குழுவில் வாசித்துத் தேறினார். 1953இல் ஸ்டான் கென்டனின் குழுவில் சேர்ந்தபோது ஜாஸ் ரசிகர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜப்பானியப் பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியை மணந்து, அவரோடு சேர்ந்து குழுவும் நடத்தினார்.

1963 ஜனவரியில் ஜாஸ் இசையமைப்பாளர் சார்லஸ் மிங்கஸின் 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி' இசைத்தட்டு பதிவானது. பதினொரு பேர் வாசித்த அந்த இசையின் மேல், மரியானோவின் ஆல்டோ சாக்ஸபோனைப் பிறகு தனியாக வாசிக்கவைத்துச் சேர்த்தார் மிங்கஸ். விம்மி வெடிக்கும் அந்த நாதம்தான் இன்றும் அந்த இசைத்தட்டின் உயிர்.

1960களின் பிற்பகுதியில் மலேசியாவில் பணியாற்றியபோது, அவர் காதில் விழுந்தது நாகஸ்வரம். நாற்பதைக் கடந்த வயதில் மறுபடி மாணவரானார். பிறகு தென்னிந்தியாவுக்கே வந்து கற்றார்.

அது லேசான காரியமல்ல. சாக்ஸபோனில் ஒற்றை நாணல் பட்டை. விசையை அழுத்தினால் சுரம் பேசும். நாகஸ்வரத்திலோ விசையே கிடையாது. இரட்டை நாணலான சீவாளியை உதட்டால் பிடித்து, மூச்சைக் கூட்டிக் குறைத்துத்தான் கமகத்தைக் கொண்டுவர வேண்டும். இத்தனை வருடம் பழகிய உதடும் விரலும் அங்கே புதிதாகப் பாடம் படிக்க வேண்டும்.

அந்தப் பாடம் பதிவுகளிலும் ஏறியது. ஜாஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபரின் 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' (1975) இசைத்தட்டில் சாக்ஸபோனோடு நாகஸ்வரமும் வாசித்தார். 1983இல் பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு 'ஜோதி' இசைத்தட்டைப் பதிவு செய்தார். டி.ஏ.எஸ்.மணியின் மிருதங்கத்தோடும் ஆர்.ஏ.ரமாமணியின் குரலோடும் அவர் இணையும்போது, வந்தவர் என்ற வேற்றுமை தெரியாது.

2009இல், 85 வயதில், ஜெர்மனியின் கொலோன் நகரில் மறைந்தார். வித்வான் ஆன பிறகும் அடுத்தவர் வாத்தியத்தின் முன் சிஷ்யனாக உட்கார ஒரு மனசு வேண்டும். 'ஜோதி'யைக் கேளுங்கள், அந்த மனசு கேட்கும்.