ஆடுதுறை 27 புகட்டும் பாடம்

செல்வ நாடுகளுக்கும் வறிய நாடுகளுக்கும் இடையேயுள்ள ஏற்றத்தாழ்வு கிராமத்து வயலிலிருந்தே குறையத் தொடங்கும். இதற்குத் தஞ்சைத் தரணியே சான்று.

நம் நாட்டு நெல்லுக்கு உரம் மிகுதியாக இட்டால், பயிர் உயர்ந்து வளர்ந்து சாய்ந்துவிடும். ஜப்பானிய நெல்லோ உரத்தை ஏற்று, சாயாமல் மணி பிடிக்கும். இவ்விரண்டின் நற்குணங்களையும் ஒன்றுசேர்க்க, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் ஆதரவில், 1950-களில் கட்டாக் நகரில் பல நாடுகள் கூடி இனக்கலப்புப் பணியை மேற்கொண்டன. அதன் பயனாக, ஜப்பானின் நோரின் 10 நெல்லும் நமது ஜி.இ.பி. 24 நெல்லும் கலந்து ஆடுதுறை 27 தோன்றியது. சுமார் 105 நாட்களில் விளையும் இந்நெல், 1960-களில் குறுவைக்கு ஏற்ற பயிராயிற்று. அதே திட்டம் மலேயாவுக்கு மஸூரி நெல்லைத் தந்தது.

ஆனால், விதை மட்டும் சமத்துவம் தந்துவிடாது. நீரும் உரமும் கடனும் கைக்கெட்டியவரே முதலில் பயனடைந்தனர். 1968-இல், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் தீக்கிரையாக்கப்பட்டனர்.

ஆகவே, புதிய விதை ஊருக்கு வரும்போது, சிறு விவசாயிக்குக் கூட்டுறவுக் கடனும், கடைமடைக்கு நீரும், உழைப்பவருக்கு உரிய கூலியும் கிடைக்கின்றனவா என்று ஊராட்சி உறுப்பினர்கள் கண்காணித்தல் வேண்டும். பல நாடுகள் கூடி ஈட்டிய பயனைக் கடைசிக் குடிசை வரை கொண்டு சேர்ப்பது நம் கடமையாகும்.